இரும்புக்கும் நன்றி உண்டோ?

நன்றியறிதலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். உழவுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். நூலில் அவை தொலைவில் நின்றாலும், நம் சிற்றூர்களின் வாழ்வில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கின்றன. தை முதல் நாளன்று விளைச்சலைத் தந்த இறைவனுக்கு நன்றி கூறும் உழவன், மறுநாள் தன் மாட்டுக்கு நன்றி கூறுகிறான். அதைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி, வண்ணம் தீட்டி, மாலையிட்டுப் பொங்கல் ஊட்டுகிறான். கத்தோலிக்கச் சிற்றூர்கள் சிலவற்றில் அன்று மாடுகளைக் கோவில் வாசலுக்கு ஓட்டிவந்து, பங்குத் தந்தையிடம் மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கச் செய்வதும் உண்டு. இதில் வியப்பொன்றும் இல்லை. மாடு உயிருள்ளது, உழைத்துக் களைப்பது, அடித்தால் நோவது. அதற்கு நன்றி கூறுவது முறையே.

ஆனால், மாடு நின்ற இடத்தில் டிராக்டர் வந்து நின்றபோது, நம் மக்கள் அதையும் கழுவினார்கள். அதற்கும் சந்தனம் பூசி மாலையிட்டார்கள். மாடுகளின் வரிசையில் அதையும் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இரும்புக்கு நன்றி கூற முடியுமா? அதற்குக் களைப்பும் இல்லை, நோவும் இல்லை, நம்மை அடையாளம் தெரிவதும் இல்லை. கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். இளமையில் பழைய டிராக்டர் ஒன்றோடு உழைத்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. அவர்களைச் சற்றே பேசவிட்டால், இறந்துபோன உறவினர் ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார்கள். நாங்களும் அத்தகையவர்களே. அந்தப் பாசம் முறையானதுதானா, அது உண்மையில் யாரைச் சேர வேண்டியது என்பதையே இங்கு எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

வண்டி என்ற பெயர்

காவிரிப் படுகைக்கு டிராக்டர் வந்தது ஆடம்பரத்துக்காக அன்று, அவசரத்துக்காக. 1960இல் தொடங்கப்பட்ட தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் அன்றைய தஞ்சாவூர் மாவட்டமும் ஒன்று. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல்லைத் தந்தது. ஏறத்தாழ மூன்றரை மாதத்தில் அது அறுவடைக்கு வந்தது. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால் குறுவை நட்டு அறுத்து, அதே வயலில் தாளடியும் நடலாம் என்ற நம்பிக்கை பெருகியது. ஆனால், குறுவை அறுவடைக்கும் தாளடி நடவுக்கும் இடையே கிடைப்பது சில வாரங்களே; அதுவும் மழை தலைக்குமேல் நிற்கும் ஐப்பசிப் பருவம். ஏக்கர் என்னும் அளவே, ஒரு சோடி எருது ஒரு நாளில் உழக்கூடிய நிலம் என்ற கணக்கில் மேல்நாட்டில் பிறந்தது. நம் களிமண் சேற்றில் ஒரு சோடி மாட்டால் ஒரு நாளில் அவ்வளவும் முடிவதில்லை. மாட்டின் நடையை மழை முந்திக்கொண்டது. அந்த நெருக்கடியே டிராக்டரை வரப்புக்கு அழைத்துவந்தது.

எங்கள் வண்டி வந்தது 1970களின் நடுவில். உடன்பிறந்தாரும் சிற்றப்பன் மக்களுமாக நாங்கள் ஐந்தாறு பேர் பள்ளிப் படிப்பை முடித்து வீட்டிலிருந்த காலம் அது. எங்கள் தந்தையர் கூட்டாகச் சேர்ந்து அதை வாங்கினார்கள். வாங்கும்போதே அது பழையது. எந்தக் கம்பெனியுடையது என்று கூறும் தகடு எப்போதோ கழன்று விழுந்திருந்தது. இரும்பு இருக்கையின்மேல் ஒரு மடித்த சாக்கு, அதுவே மெத்தை. ஊரில் யாரும் அதை டிராக்டர் என்று சொல்லவில்லை; வண்டி என்றே சொன்னார்கள். "வண்டி கிளம்பிட்டுதா?" என்று கேட்டால், ஊர் முழுவதற்கும் அது எந்த வண்டி என்று தெரியும்.

அதைக் கிளப்புவது ஒருவரால் ஆகிற காரியம் அன்று. அதிகாலையில் பேட்டரிக்கு வலு இராது. ஆகவே முந்தின மாலையிலேயே களத்துமேட்டின் சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுவோம். காலையில் கல்லை எடுத்துவிட்டு எல்லாரும் சேர்ந்து தள்ளுவோம். உருளும்போது, மேலே இருப்பவர் கியரில் போட்டுக் கிளட்சை விட்டால், இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பும். சில நாள்களில் டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருக்கும். 'ஏர் பிடித்துவிட்டது' என்போம். எங்கள் பாட்டனார் காலத்தில் ஏர் பிடிப்பதென்றால் வேலை தொடங்குவது; எங்கள் காலத்தில் ஏர் பிடித்தால் வேலை நின்றுபோவது! டீசல் வடிகட்டியின் தலையிலுள்ள திருகைத் தளர்த்திவிட்டு, பம்பின் சிறு நெம்புகோலை விரலால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை வரும். பிறகு குமிழி வரும். கடைசியில்தான் தெளிந்த டீசல் வரும். தெளியுமுன்னே திருகை இறுக்கினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பொறுமையைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் நிறையக் கேட்டிருந்தோம்; அதைக் கையால் கற்றது அங்கேதான்.

சேற்றுழவுக்கு இரும்பாலான கேஜ் வீலை மாட்ட வேண்டும். அதைத் தூக்க நாலு பேர் வேண்டும். மாட்டியபின் தார்ச்சாலையில் ஓட்டக் கூடாது, சாலை கிழிந்துவிடும். எனவே வயலோரத்திலேயே மாட்டி, வயலோரத்திலேயே கழற்றுவோம். வண்டி வயலுக்குள் இறங்கியதும் உண்ணிக்கொக்குகள் பின்தொடர்ந்து வரும். நேற்றுவரை ஏர் மாட்டின் பின்னால் வந்த அதே கொக்குகள் எந்திரத்தின் ஓசைக்கு அஞ்சாமல், புரளும் சேற்றில் பூச்சி பொறுக்கிக்கொண்டு வரும். மண் புரண்டால் போதும். புரட்டியது மாடா எந்திரமா என்ற வழக்கு அவற்றுக்கு இல்லை.

இவை எல்லாவற்றினும் மேலாக நினைவில் நிற்பவர், வண்டிக்கு முன்னால் நடந்த ஒரு பெரியவர். நாங்கள் அவரைத் தாத்தா என்றே அழைத்தோம். வாழ்நாளெல்லாம் அந்த வயல்களில் மாடு கட்டி உழுதவர். எந்த வயலில் எந்த மூலையில் உளை இருக்கிறது என்பது அவருடைய பாதங்களுக்குத் தெரியும். சேற்றுழவின்போது வெறுங்காலோடு முன்னே நடந்து, காலால் ஆழம் பார்த்துக் கையை உயர்த்துவார். "தம்பி, அந்த மூலைக்கு விடாதீங்க. அங்கே மாடே முழங்கால் வரைக்கும் இறங்கும்" என்பார். அவர் வராத ஒரு நாள் வண்டி அச்சுவரை இறங்கிவிட்டது. தெரு முழுவதும் வைக்கோலும் பனங்கட்டையும் கயிறும் எடுத்துக்கொண்டு திரண்டு வந்தது. கடைசியில் இரண்டு சோடி மாடுகளையும் பூட்டி இழுத்தபோதுதான் வண்டி அசைந்தது. அன்று மாடுகளின் நடையில் ஒரு பெருமிதம் தெரிந்ததாகச் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்தது.

எண்ணம் யாருடையது?

இனி நம் கேள்விக்கு வருவோம். நன்மை என்பது கொடுக்கப்பட்ட பொருளில் இல்லை, கொடுத்தவரின் எண்ணத்தில் இருக்கிறது என்று உரோமை அறிஞர் செனக்கா நன்மை செய்தலைப் பற்றிய தம் நூலில் வாதிட்டார். புனித தோமா அக்குவினா நன்றியை ஒரு நற்பண்பாக ஆராயும்போது செனக்காவின் வழியையே பின்பற்றி, நன்றி செலுத்துபவர் கொடையின் அளவைக் காட்டிலும் கொடுத்தவரின் உள்ளத்தை நோக்க வேண்டும் என்கிறார். இந்த அளவுகோலின்படி நம் பழைய வண்டிக்கு நன்றி கிடையாது. அது நமக்கு நன்மை செய்ய எண்ணியதில்லை. இரும்புக்கு எண்ணமே இல்லை. அமெரிக்க வயல்களில் உழுத சங்கிலிப்பட்டை டிராக்டரின் அமைப்பே, முதல் உலகப் போரில் டாங்கி பிறக்கத் தூண்டுகோலாயிற்று. 1916இல் டாங்கிகள் போர்க்களத்தில் இறங்கின. வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் நாளை இறைவாக்கினர் எசாயா கண்டார். கடந்த நூற்றாண்டோ கலப்பையை இழுத்ததிலிருந்தே படைக்கருவியைக் கண்டுபிடித்தது. இரும்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடியது.

புனித அகுஸ்தினார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். கிறித்தவப் போதனையைப் பற்றிய தம் நூலின் தொடக்கத்தில், பயன்படுத்துவதற்குரியவை என்றும், அனுபவித்து மகிழ்வதற்குரியவை என்றும் பொருள்களை அவர் பிரிக்கிறார். அதற்கு அவர் காட்டும் உவமையே ஒரு வண்டிதான். தாய்நாட்டுக்குத் திரும்பும் வழிப்போக்கன், வழியின் அழகிலும் வண்டியின் ஓட்டத்திலும் மயங்கிவிட்டால், போய்ச்சேர வேண்டிய ஊரை மறந்துவிடுவான் என்கிறார். அப்படியானால், பழைய டிராக்டரை நினைத்து உருகும் நாம் வண்டியில் மயங்கிய வழிப்போக்கர்தாமா?

அவ்வளவு விரைவில் தீர்ப்புக் கூறிவிட வேண்டியதில்லை. இரும்புக்கு எண்ணமில்லை என்பது உண்மை. ஆனால், இரும்புக்குள் எண்ணம் வைத்தவர்கள் உண்டு. ஒரு சான்று போதும். தொடக்க காலத்து டிராக்டர்கள் குதிரை இழுப்பதுபோல் கலப்பையைப் பின்னால் கட்டி இழுத்தன. கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் அது நின்றுவிடும், எந்திரமோ நிற்காது. முன்பக்கம் மேலே எழும்பி, வண்டி பின்புறமாகக் கவிழ்ந்து, ஓட்டியவரை நசுக்கியதுண்டு. 1884இல் அயர்லாந்தின் வடபகுதியில் உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்த ஹாரி பெர்குசன் இதற்கு வழி தேடினார். கலப்பையை மூன்று புள்ளிகளில் வண்டியோடு இணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் ஏற்றி இறக்கும் முறைக்கு 1926இல் காப்புரிமை பெற்றார். கலப்பையின் இழுவிசையே வண்டியைத் தரையோடு அழுத்திப் பிடிக்குமாறு அந்த இணைப்பு அமைந்தது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில், இம்முறையில் அமைந்த சாம்பல் நிறச் சிறு டிராக்டர்கள் ஐந்து லட்சத்துக்குமேல் உருவாயின. 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாபே நிறுவனம் தயாரித்த மாசி பெர்குசன் வண்டிகளின் வழியாக அவருடைய பெயர் நம் வயல்களுக்கும் வந்தது. இன்று பெரும்பாலான டிராக்டர்களின் முதுகில் அந்த மும்முனை இணைப்பைக் காணலாம். பெர்குசன் வணிகரும்தான், இலாபத்தை எண்ணாதவர் அல்லர். ஆயினும், முன்பின் அறியாத ஓர் உழவன் வண்டிக்கடியில் நசுங்கிச் சாகக் கூடாது என்னும் அக்கறையும் அந்த இரும்புக்குள் இருக்கிறது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் இதையே விரிவாக எண்ணுகிறார். மிக எளிய கருவி முதல் மிக நவீன எந்திரம் வரை எல்லாமே தலைமுறை தலைமுறையாக உழைத்த மனிதர்களின் அறிவும் அனுபவமும் சேர்ந்த மரபுச் செல்வம் என்பது அவருடைய கருத்து. இதை ஏற்றுக்கொண்டால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. எந்திரத்தைத் தொட்டு வணங்கிய நம் மக்களின் கை, எந்திரத்தின் வழியாக, பெயர் தெரியாத எத்தனையோ கைகளைத் தொட்டது. நன்றி இரும்பைக் கடந்து மனிதரைச் சேர்ந்தது.

மாட்டின் பங்கு

மீதிப் பாதி விடை கடினமானது. அது எந்திரத்தைச் செய்தவர்களைப் பற்றியதன்று. எந்திரம் வந்ததால் ஒதுங்கி நின்றவர்களைப் பற்றியது.

போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக் கூடாது என்று இணைச்சட்ட நூலின் 25ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு சட்டம் உண்டு. நம் களங்களிலும் பிணையல் மாடுகள் கதிரை மிதித்துச் சுற்றி வரும்போது இரண்டு வாய் தின்னத்தான் செய்யும். திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது இச்சட்டத்தை எடுத்துக்கொண்டு, இது மாட்டை மட்டும் எண்ணிச் சொன்னதா, உழைக்கும் மனிதரை எண்ணிச் சொன்னதா என்று கேட்கிறார். உழுபவனும் போரடிப்பவனும் பங்கு கிடைக்கும் என்னும் நம்பிக்கையோடு உழைக்க வேண்டும் என்று விளக்கமும் தருகிறார்.

பின்னர் களத்தில் மாட்டுக்குப் பதிலாக டிராக்டர் சுற்றிவந்தது. நாங்கள் ஓட்டிய வண்டியும் அப்படிச் சுற்றியது. மாட்டை 'வாயில்லாச் சீவன்' என்பது நம் வழக்கு. ஆனால் மாட்டுக்கு வாய் உண்டு, அந்த வாய்க்கு ஒரு பங்கும் உண்டு. உண்மையிலேயே வாயில்லாதது டிராக்டர்தான். அது கதிரில் வாய் வைக்காது. அறுவடைக் காலத்தில் நெல்லாகக் கூலி கேட்காது. பிள்ளையின் திருமணத்துக்கு முன்பணம் கேட்காது. அப்படியானால் மாடு தின்ற பங்கும், மாட்டை ஓட்டியவர் பெற்ற பங்கும் எங்கே போயின? எந்திரத்துக்கு வாயில்லை என்பதற்காக அந்தப் பங்கு இல்லாமலாகிவிடுமா? இணைச்சட்டத்தின் அச்சிறு சட்டத்தை எந்திர யுகத்தில் இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

இதைக் கேட்டு, எந்திரம் வருமுன் எல்லாம் இனிமையாக இருந்தன என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பண்ணையாள் என்னும் பெயரில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தவர்களுக்காக 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரவேண்டியிருந்தது. 1968ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நாளின் இரவில், கூலிப் பிணக்கின் பின்னணியில், கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். மாட்டின் வாயைக் கட்டாத நிலத்தில் மனிதரின் வாயைக் கட்டிய காலம் அது. எனவே டிராக்டருக்கு முந்திய காலத்தை நினைத்து ஏங்குவதும் நேர்மையாகாது. இடுப்பொடியும் உழைப்பிலிருந்து ஒரு மனிதனை எந்திரம் விடுவிக்குமானால் அது இறையருளின் கருவியே.

கேள்வி விடுதலையைப் பற்றியதன்று. அந்த விடுதலையின் பயன் யாருடைய வீட்டுக்குப் போயிற்று என்பது. உழவர்களின் பாதுகாவலராகிய மத்ரித் நகரப் புனித இசிதோரைப் பற்றி ஒரு மரபுக் கதை உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இறந்து, 1622இல் நம் புனித சவேரியாரோடு ஒரே நாளில் புனிதர் பட்டம் பெற்ற கூலி உழவர் அவர். காலையில் திருப்பலிக்குப் போய்விட்டு வயலுக்குத் தாமதமாக வருகிறார் என்று பண்ணையாரிடம் கோள் போயிற்று. பண்ணையார் வந்து பார்த்தபோது, இசிதோர் செபித்துக்கொண்டிருக்க, வானதூதர் அவருக்காக உழுதுகொண்டிருந்தார்கள் என்பது கதை. உழவனின் சுமையை இன்னொரு கை ஏற்றுக்கொள்வதைத் திருச்சபையின் மரபு வரவேற்றிருக்கிறது என்பதற்கு இது போதும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வானதூதர் உழுததால் மிஞ்சிய நேரம் இசிதோருக்கே கிடைத்தது. அவருடைய கூலியும் குறையவில்லை. வானதூதர் வந்துவிட்டார்கள், இனி நீ வேண்டாம் என்று யாரும் அவரை வயலைவிட்டு அனுப்பவில்லை. 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலும் இந்தக் கோட்டையே போடுகிறது: தொழில்நுட்பம் மனிதனுக்குத் துணை, ஆனால் அது அவனுடைய வேலையைப் பறித்து, உழைப்பின் நிறைவையும் பறிக்கும்போது ஏறத்தாழ அவனுக்குப் பகையாகிவிடுகிறது.

நினைவின் நீதி

இளமை நினைவுகள் இனிப்பவை. அந்த இனிப்பைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் நினைவுக்கும் ஒரு நீதி உண்டு. டிராக்டரைப் பற்றிய நினைவு பெரும்பாலும் அதன் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கிறது; அங்கிருந்து கொக்குகள் தெரியும், ஈர மண்ணின் ஒளி தெரியும். முன்னால் வெறுங்காலோடு நடந்தவரின் முதுகும் தெரியும். முகம் தெரிய வேண்டுமானால் கீழே இறங்கி வரவேண்டும்.

அந்தப் பெரியவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய உழவை எந்திரம் எடுத்துக்கொண்டது. அந்த எந்திரம் புதையாமல் காத்ததோ அவருடைய பாதங்களின் அறிவு. எந்திரத்தின் வெற்றிக்குள் அவருடைய ஐம்பது ஆண்டு நடை இருந்தது. அதற்கு எந்தக் கூலிக் கணக்கிலும் இடம் இல்லை. எந்திரம் வரும்போதெல்லாம் இதுவே நடக்கிறது: பழைய உழைப்பாளியின் அறிவு உள்ளே போகிறது, அவர் மட்டும் வெளியே நிற்கிறார். வயலில் மட்டுமன்று, இன்று அலுவலகத்திலும் அச்சகத்திலும் கணினியின் முன்னும் இதே கதைதான்.

எங்கள் பழைய வண்டியின் சிறப்பை இப்போது எண்ணிப் பார்த்தால், அதன் குறைகளே அதன் சிறப்பாய் இருந்தன என்று தோன்றுகிறது. அதற்குத் தள்ள ஆள் வேண்டும். சக்கரம் தூக்க ஆள் வேண்டும். வழிகாட்ட ஒருவர் வேண்டும். புதைந்தால் ஒரு தெருவே வேண்டும். அது எங்களை வேலைக்கு வைத்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். இன்றைய வண்டிகள் சாவியைத் திருப்பினால் கிளம்புகின்றன. மணிக் கணக்கில் வாடகைக்கு வந்து, உழுதுவிட்டு, அடுத்த ஊருக்குப் போய்விடுகின்றன. இது முன்னேற்றமே, மீண்டும் எல்லாரும் வண்டி தள்ள வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஆனால் பழைய வண்டியை நினைத்து நாம் ஏங்குவது அந்த இரும்புக்காக அன்று. ஒருவருக்கொருவர் தேவையாயிருந்த அந்த நாள்களுக்காகவே ஏங்குகிறோம். அந்தத் தேவையை எந்திரம் அன்று கட்டாயமாக உண்டாக்கியது. இன்று அது கட்டாயம் இல்லை. ஆகவே நாமே விரும்பி உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எப்படி? புது எந்திரம் ஒன்றை வாங்கும் வீட்டில், விலையும் வட்டியும் பேசி முடித்தபின் இன்னொரு கேள்வியும் கேட்கப்படலாம்: இதனால் யாருடைய வேலை குறையும், அவருக்கு நாம் என்ன செய்யப் போகிறோம்? எந்திரத்தை ஓட்டவும் பழுது பார்க்கவும் முதலில் அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கலாம். மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை, மாட்டின் பங்கு என்றே பெயரிட்டு, அவர்களுக்கென்று ஒதுக்கலாம். மாட்டுப் பொங்கலன்று டிராக்டரை மந்திரிக்கக் கொண்டுபோகும்போது, ஒருகாலத்தில் அந்த நிலத்தை உழுத முதியவரையும் அழைத்துச்சென்று முன்னால் நிறுத்தலாம். இவை பெரிய புரட்சிகள் அல்ல. ஆனால் நன்றி என்பது எப்போதும் இப்படிச் சிறிய, எண்ணக்கூடிய செயல்களாகவே வந்திருக்கிறது.

இரும்புக்கும் நன்றி உண்டோ என்று கேட்டோம். உண்டு, ஆனால் அது இரும்போடு நின்றுவிட்டால் பாதி வழியில் மயங்கி நின்ற வழிப்போக்கனின் கதையாகிவிடும். வண்டியை வடிவமைத்தவருக்கும், தள்ளியவருக்கும், அதன் முன்னே நடந்தவருக்கும், அதனால் ஒதுங்கி நின்றவருக்கும் போய்ச்சேரும் நன்றியே ஊர் சேர்ந்த நன்றி. அவர்களுள் சிலர் இன்னும் நம் ஊர்த் திண்ணைகளில் இருக்கிறார்கள். மண்ணைக் காலால் படித்தவர்கள் அவர்கள். அவர்களுக்குரியதை அவர்கள் இருக்கும்போதே செலுத்திவிடுவது நலம்.